குறட்டையும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்திருந்தால் எதைத் தேர்வது? சி-பாப், பல் கருவி, படுக்கும் முறை, எடைக் குறைப்பு, ஆபரேஷன்: ஓர் ஒப்பீடு

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் என்று எங்கிருந்து வந்தாலும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். அப்பாவுக்கு அல்லது மாமாவுக்கு வயது ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. சர்க்கரை பல வருடமாக உண்டு. ராத்திரி குறட்டை விடுகிறார், நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறார், மறுபடி குறட்டை. பகலில் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிவிடுகிறார். ஏற்றத்தில் நடந்தால் கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது, இரண்டு நிமிஷம் நின்றால் விட்டுவிடுகிறது. பரிசோதனையில் இரண்டு நோய் தெரிந்திருக்கிறது: தூக்கத்தில் மூச்சு தடைபடும் ஸ்லீப் ஆப்னியா ஒன்று, காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைப்பு இன்னொன்று. ஒரு டாக்டர், முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சி-பாப் மெஷின் வாங்கச் சொல்கிறார். பல் டாக்டர் வாயில் மாட்டும் கருவி போதும் என்கிறார். சொந்தக்காரர் ஒருவர் தொண்டையில் ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார், இன்னொருவர் எடை குறைக்கும் ஊசியைப் பற்றிச் சொல்கிறார். கையில் இருக்கும் பணம் இப்போதைக்கு ஒன்றுக்குத்தான் போதும்.

இணையத்தில் இதற்கான ஒப்பீடுகள் நிறையக் கிடைக்கின்றன. அவை எல்லாமே குறட்டையை மட்டும் பார்த்து எழுதப்பட்டவை. காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர் அதே பட்டியலை வைத்துத் தேர்ந்தால் சில இடங்களில் தவறான வழிக்குப் போய்விடுவார். அதனால் காலையும் சேர்த்து இங்கே ஒப்பிடுகிறேன்.

## இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து காற்று போகும் வழியை அடைக்கிறது. பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றாலும், வெகுவாகக் குறைந்தாலும் அது ஒரு தடை. மணிக்குச் சராசரியாக எத்தனை தடை என்பதுதான் ரிப்போர்ட்டில் ஏஹெச்ஐ என்று போட்டிருக்கும் எண். 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை.

ஒவ்வொரு தடையிலும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்குகிறது. உடம்பு பதறி அட்ரினலினைக் கொட்டுகிறது. ரத்த அழுத்தம் ஒரு கணம் எகிறி இறங்குகிறது. ஏஹெச்ஐ 30 உள்ளவருக்கு ஏழு மணி நேரத் தூக்கத்தில் இது இருநூறு தடவைக்கு மேல் நடக்கிறது. வருடக்கணக்கில் இப்படி நடந்தால் ரத்தக்குழாயின் உள்சுவர் விரிந்து கொடுக்கும் தன்மையை இழக்கிறது, அழற்சி கூடுகிறது, இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. கால் குழாயில் கொழுப்பு படிவதற்கு இவ்வளவும் துணை போகின்றன.

அமெரிக்காவில் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஓர் ஆய்வில், ஏஹெச்ஐ 15க்கு மேல் இருந்தவர்களுக்குக் கால் ரத்தக்குழாய் நோய் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 70 விழுக்காடு கூடுதலாகத் தெரிந்தது. வயது, எடை, புகை, சர்க்கரை ஆகியவற்றைக் கணக்கில் கழித்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. ஆனாலும் இது ‘சேர்ந்து காணப்படுகிறது’ என்ற அளவிலான தகவல்தான். குறட்டையைச் சரிசெய்தால் கால் அடைப்பு கரையும் என்று காட்டிய பெரிய ஆய்வு எதுவும் கிடையாது. யாராவது அப்படிச் சொல்லி மெஷின் விற்றால் நம்பாதீர்கள்.

ஆகவே கீழே எதைத் தேர்ந்தாலும், காலுக்கான வைத்தியம் தனியாக நடந்தே ஆக வேண்டும். பீடி, சிகரெட், புகையிலை போட்ட வெற்றிலை எல்லாவற்றையும் விடுவது முதல் வேலை. டாக்டர் எழுதிய, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, சர்க்கரை, பிரஷர் மருந்துகள், நடைப்பயிற்சி ஆகியவை அடுத்து. இவை தேர்வுப் பட்டியலிலேயே வராது. இவற்றை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தில் மெஷின் வாங்குவது நஷ்டம்.

## முதலில் இரண்டு எண்கள் கையில் வேண்டும்

ஒன்று ஏஹெச்ஐ. வீட்டிலேயே ஓர் இரவு மாட்டிக்கொள்ளும் கருவியிலும் எடுக்கலாம், ஆஸ்பத்திரியில் படுத்தும் எடுக்கலாம். வீட்டுச் சோதனை மலிவு, அலைச்சல் இல்லை. ஆனால் பெரும்பாலான கருவிகள் நீங்கள் விழித்துக் கிடந்த நேரத்தையும் சேர்த்தே வகுப்பதால், எண் உள்ளதைவிடக் குறைவாக வரக்கூடும். கால் வலியால் பாதி ராத்திரி விழித்திருப்பவருக்கு இந்தக் கோளாறு இன்னும் அதிகம். வீட்டுச் சோதனையில் ‘ஒன்றுமில்லை’ என்று வந்தும் திணறல் தொடர்ந்தால் ஆஸ்பத்திரிச் சோதனை எடுத்தாக வேண்டும். இதயம் பலவீனமானவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், நாள்பட்ட நுரையீரல் நோயாளிகள் ஆகியோர் நேரே ஆஸ்பத்திரிச் சோதனைக்கே போவது நல்லது.

இன்னொன்று ஏபிஐ. கணுக்காலில் எடுத்த ரத்த அழுத்தத்தைக் கையில் எடுத்ததால் வகுத்தால் வரும் எண் இது. 0.90 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு உண்டு. 1.40க்கு மேல் வந்தால் ‘ரொம்ப நல்லது’ என்று சந்தோஷப்படக் கூடாது. நீண்ட நாள் சர்க்கரையிலும் சிறுநீரக நோயிலும் குழாய்ச் சுவர் கல்போல் இறுகி எண்ணைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். அப்போது கால் பெருவிரலில் அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சர்க்கரையால் நரம்பு மரத்தவருக்கு அடைப்பு இருந்தும் வலி இல்லாமல் போகும் என்பதால், ‘எனக்குத்தான் வலியே இல்லையே’ என்பதை வைத்து இந்தச் சோதனையை ஒதுக்க வேண்டாம்.

## எதை வைத்து அளக்கிறோம்

ஐந்து கேள்விகளை எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்திருக்கிறேன். மூச்சுத் தடையை எவ்வளவு குறைக்கும்? தினமும் ராத்திரி முழுக்க அதைக் கடைப்பிடிக்க முடியுமா? காலுக்கு அதனால் நன்மையா, தொந்தரவா? பில்லில் தெரியாத செலவு என்ன? மின்வெட்டு, இரண்டு பருவமழை, ரப்பர் பால்வெட்டு, கடல் தொழில் உள்ள நம் மாவட்டத்து வாழ்க்கைக்கு ஒத்துவருமா? இவற்றில் இரண்டாவதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

## சி-பாப் மெஷின்

பலன். மூச்சுத் தடையைக் குறைப்பதில் இதற்கு நிகர் இல்லை. முகமூடி வழியாக வரும் காற்றழுத்தம் தொண்டையை மூடவிடாமல் பிடித்து வைக்கிறது. ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் குழுவினர் 1981இல் வெளியிட்ட முறை இது. சரியான அழுத்தமும் பொருந்தும் முகமூடியும் அமைந்தால் கடுமையான ஆப்னியாவும் பெரும்பாலானோருக்கு 5க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். பகல் தூக்கம் சில வாரங்களில் தெளிகிறது. ரத்த அழுத்தம் சராசரியாக இரண்டு மூன்று புள்ளி குறைகிறது. மூன்று நான்கு மாத்திரை போட்டும் பிரஷர் அடங்காதவர்களுக்கு இதைவிடக் கூடுதலாகக் குறைவதுண்டு.

ரத்தக்குழாய்க்கு? 2016இல் வெளிவந்த ‘சேவ்’ ஆய்வை அறிந்துகொள்வது நல்லது. ஏற்கெனவே இதய அல்லது மூளை ரத்தக்குழாய் நோய் உள்ள 2,717 பேர் அதில் இருந்தார்கள், இந்தியர்களும் உண்டு. சி-பாப் வைத்தவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. தூக்கக் கலக்கமும் மனச்சோர்வும் குறைந்தன. இதைப் படித்துவிட்டு ‘அப்போ மெஷினே வேண்டாம்’ என்று முடிவு கட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஆய்வில் மெஷினைச் சராசரியாக ஓர் இரவுக்கு 3.3 மணி நேரம்தான் போட்டிருந்தார்கள். மீதி நேரம் தொண்டை பழையபடி அடைத்துக்கொண்டுதான் இருந்தது. எனக்கு அதிலிருந்து கிடைக்கும் பாடம், பாதி ராத்திரி போடுவதற்காக இவ்வளவு பணம் செலவழிக்கக் கூடாது என்பதே.

நம் ஊர் வாழ்க்கையில். பால்வெட்டுக்குப் போகிறவர்களைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குளிர்ந்த நேரத்தில்தான் ரப்பர் பால் நன்றாக வடியும் என்பதால் விடியும் முன்பே தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். ராத்திரித் தூக்கம் நாலைந்து மணி நேரம், மதியம் சாப்பிட்டுவிட்டு இன்னொரு தூக்கம். மதியத் தூக்கத்திலும் மூச்சு தடைபடும், ஆகவே அதற்கும் மெஷின் போட வேண்டும். இதை டாக்டரிடம் சொல்லாவிட்டால் ‘சரியாகப் பயன்படுத்துவதில்லை’ என்றுதான் ரிப்போர்ட் வரும். வேலைக்குப் போகாதவர்களிலும் பலர் மூன்று மணிக்கு விழித்தால் மெஷினைக் கழற்றிவிட்டுப் படுப்பார்கள். கனவுத் தூக்கம் விடியற்காலையில்தான் அதிகம், மூச்சுத் தடை பெரும்பாலும் அந்தத் தூக்கத்தில்தான் மோசமாகும். ஆகவே கழற்றக் கூடாத நேரம் அதுதான்.

ஆழ்கடலுக்கு வாரக்கணக்கில் போகும் தூத்தூர், வள்ளவிளைப் பகுதி மீனவர்களுக்கு மெஷினைப் படகில் வைத்துப் பயன்படுத்துவது கஷ்டம். பேட்டரி, உப்புக் காற்று, இடம் எல்லாமே பிரச்சினை. கரையில் இருக்கும் நாட்களுக்கு மெஷின், கடலில் இருக்கும் நாட்களுக்குப் பல் கருவி என்று இரண்டையும் வைத்துக்கொள்வதைப் பற்றி டாக்டரிடம் பேசலாம்.

மின்சாரம் அடுத்த கவலை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டத்தின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படிப்பட்ட நாட்களுக்கு என்ன செய்தாலும் போதாது. சாதாரண மழைக்கால மின்வெட்டுக்கு வீட்டு இன்வெர்ட்டர் தாங்கும். மெஷினில் தண்ணீரைச் சூடாக்கும் பகுதிதான் மின்சாரத்தை அதிகம் இழுக்கிறது. நம் ஊர்க் காற்றில் ஈரம் தாராளமாக இருப்பதால் பலர் அதை அணைத்துவிட்டே சுகமாகத் தூங்கலாம், பேட்டரியும் நீடிக்கும்.

மறைந்த செலவு. அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் புதிய ஆட்டோ சி-பாப் பெரும்பாலும் 30,000 ரூபாயிலிருந்து 70,000 ரூபாய் வரை. அதோடு முடியாது. முகமூடியின் மெத்தைப் பகுதி தேய்ந்தால் காற்று கசியும், அதை மாற்ற வேண்டும். பில்டர் மாற்ற வேண்டும், கடலோர வீடுகளில் இன்னும் சீக்கிரம். தண்ணீர்த் தொட்டிக்குக் காய்ச்சி வடித்த நீர் வேண்டும். குழாயையும் முகமூடியையும் கழுவி நன்றாக உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்தில் இருப்பவர்கள் திருவனந்தபுரத்திலும், தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கத்தில் இருப்பவர்கள் திருநெல்வேலியிலும் வாங்குவது வழக்கம். சர்வீசுக்கு வீட்டுக்கு ஆள் வருவாரா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். பழைய மெஷின் வாங்குவதாக இருந்தால் மாடலையும் வருடத்தையும் பாருங்கள். உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு சிதைவதால் 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் பல மாடல்களைத் திரும்பப் பெற்றது.

கொரோனா இரண்டாம் அலையில் வாங்கிய ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர் வீட்டில் சும்மா கிடக்கிறதே, அதையே மாட்டிக்கொள்ளலாமா என்றும் கேட்கிறார்கள். கூடாது. அது தொண்டை அடைப்பைத் திறக்காது. சிலருக்கு மூச்சு நிற்கும் நேரத்தை நீட்டியும் விடும்.

காலைப் பொறுத்தவரை. மெஷின் காலைத் தொடுவதே இல்லை என்பதே ஒரு நன்மை. இன்னொன்றும் உண்டு. ஆப்னியா இருப்பவர்கள் ராத்திரி பலமுறை சிறுநீர் கழிக்க எழுவார்கள், அதைச் சர்க்கரை என்றோ புராஸ்டேட் என்றோ நினைத்துக்கொள்வார்கள். மெஷின் போட்ட பிறகு இது குறைவதுண்டு. கால் மரத்தவர் இருட்டில் எழுந்து நடப்பது குறைந்தால் விழுவதும், கட்டிலில் விரலை இடித்துப் புண்ணாக்குவதும் குறையும். குழாயைத் தலைமாட்டுப் பக்கமாக விடுங்கள், காலில் சிக்கக் கூடாது.

யாருக்கு இது முதல் தேர்வு? ஏஹெச்ஐ 30க்கு மேல் உள்ளவர்கள், 15க்கு மேல் இருந்து பகலில் தூங்கி வழிபவர்கள், வண்டி ஓட்டுபவர்கள், மருந்துக்கு அடங்காத பிரஷர் உள்ளவர்கள், சீக்கிரம் காலில் ஆபரேஷன் நடக்க இருப்பவர்கள். வாங்கும் முன் ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். பல விற்பனையாளர்கள் தருவார்கள். மெஷினே கணக்கு வைத்திருக்கும், தினம் எத்தனை மணி நேரம் போட்டீர்கள் என்று.

## வாயில் மாட்டும் பல் கருவி

கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னால் இழுத்து வைத்து நாக்குக்குப் பின்னால் வழி உண்டாக்கும் கருவி. மூச்சுத் தடையைக் குறைப்பதில் சி-பாப் அளவுக்கு வராது. ஆனால் சத்தம் இல்லை, மின்சாரம் வேண்டாம், சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்கும் போகலாம். அதனால் ராத்திரி முழுக்கப் போடுபவர்கள் அதிகம். லேசான, நடுத்தர ஆப்னியாவுக்கும், மெஷினை எப்படியும் சகிக்க முடியாதவர்களுக்கும் நியாயமான வழி.

இதற்குத் திடமான பற்கள் போதிய அளவு வேண்டும். நம் பக்கத்தில் வெற்றிலை பாக்கு போட்டுத் தேய்ந்த பற்களும், சர்க்கரையால் ஈறு இறங்கி ஆடும் பற்களும் சாதாரணம். பல் செட் வைத்தவருக்குப் பெரும்பாலும் பொருந்தாது. வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவமாக்கும் ஆன்லைன் சரக்கு வேண்டாம். பல் டாக்டர் அளவெடுத்துச் செய்ததே வேண்டும்.

பில்லில் வராத செலவு இரண்டு. கருவி வேலை செய்கிறதா என்று அதைப் போட்டுக்கொண்டே மறுபடி தூக்கச் சோதனை எடுக்க வேண்டும், குறட்டைச் சத்தம் நின்றது மட்டும் போதாது. வருடங்கள் போகப்போகப் பல் வரிசை கொஞ்சம் நகரும், தாடை மூட்டு வலிக்கலாம்.

காலில் அடைப்பு உள்ளவர்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று இங்கே இருக்கிறது. கருவி செய்யும் முன் ஆடும் பல்லைப் பிடுங்கச் சொல்வார்கள். உடனே, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஆஸ்பிரினையோ குளோபிடோக்ரெலையோ தாமாகவே நிறுத்திவிட்டுப் போகிறார்கள். காலில் ஸ்டென்ட் (ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) வைத்தவர் இதைச் செய்தால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளக்கூடும். மாத்திரையை நிறுத்துவதா வேண்டாமா என்பதை அதை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் மட்டும் கேளுங்கள்.

## படுக்கும் முறையை மாற்றுவது

செலவே இல்லாத வழி. மல்லாந்து படுத்தால் மட்டும் மூச்சு தடைபடுகிறது என்று ரிப்போர்ட்டில் இருந்தால், ஒருக்களித்துப் படுப்பதே பெரிய நிவாரணம். பனியன் முதுகில் பை தைத்து டென்னிஸ் பந்து வைப்பது பழைய முறை, சிலருக்குப் பலிக்கும். கட்டிலின் தலைமாட்டை உயர்த்துவதும் உதவும். ராத்திரி மதுவையும், டாக்டர் சொல்லாத தூக்க மாத்திரையையும் விடுவது இதோடு சேரும். இரண்டுமே தொண்டையை மேலும் தளர்த்துபவை.

கால் நோயாளிக்கு இங்கேதான் மற்றவர்களைவிடக் கவனம் வேண்டும். தலைமாட்டை உயர்த்துவது காலுக்கும் ஒத்துவரும். ஆனால் வீக்கம் என்று நினைத்துக் காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்தால், ஏற்கெனவே குறைந்த ரத்தம் இன்னும் குறைந்து வலி கூடும். அடைப்பு முற்றியவர்கள் ராத்திரி வலி தாங்காமல் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுவார்கள், நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குவார்கள். மூச்சுக்கும் அப்படித் தூங்குவது சுகமாக இருப்பதால் இரண்டு நோயில் எதனால் என்று வீட்டாருக்குக் குழம்பும். காலைத் தொங்கவிட்டால் வலி குறைகிறது என்றால் அது கால் நோய் முற்றியதன் அடையாளம். தூக்க டாக்டருக்குக் காத்திருக்காமல் ரத்தக்குழாய் டாக்டரிடம் போக வேண்டும்.

பகலில் காலில் சேர்ந்த நீர், படுத்ததும் கழுத்துப் பக்கம் ஏறித் தொண்டையை நெருக்குகிறது என்பதால் இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் போட்டால் ஆப்னியா குறையும் என்று சில ஆய்வுகள் உண்டு. வெரிகோஸ் நரம்புக்கு வாங்கிய ஸ்டாக்கிங்ஸ் பல வீட்டில் கிடக்கும். ஏபிஐ பார்க்காமல் அதைப் போடவே கூடாது. அடைப்பு உள்ள காலை அது மேலும் இறுக்கித் தோலைச் சாகடிக்கும்.

ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கும் கணுக்கால்களுக்கும் நடுவே மெத்தென்ற தலையணை வையுங்கள். கணுக்கால் எலும்பு ஒன்றோடு ஒன்று உரசிப் புண் வந்தால் ரத்த ஓட்டம் குறைந்த காலில் அது ஆறவே மாதங்கள் ஆகும்.

## எடைக் குறைப்பு: நடை, சாப்பாடு, ஊசி

இரண்டு நோய்க்கும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் வழி இது ஒன்றுதான். அமெரிக்காவின் விஸ்கான்சினில் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வில், உடல் எடை பத்து விழுக்காடு குறைந்தவர்களுக்கு ஏஹெச்ஐ சுமார் 26 விழுக்காடு குறைந்தது. ஆப்னியாவை முழுதாகத் தீர்க்க இது பலருக்குப் போதாது. எடை கூடுதலாக இல்லாதவருக்கு, குறிப்பாகத் தாடை சிறுத்து உள்வாங்கியதால் ஆப்னியா வந்தவருக்கு, இதனால் பெரிய பலன் இல்லை.

நடைக்கு மட்டும் தனி மதிப்பு. எடை ஒரு கிலோ குறையாவிட்டாலும் வலியில்லாமல் நடக்கும் தூரத்தைக் கூட்டுவதில் முறையான நடைப்பயிற்சிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. வலி நடுத்தரமாக வரும் வரை நடப்பது, உட்கார்ந்து வலி தீர்ந்ததும் மறுபடி நடப்பது, இப்படி 30 முதல் 45 நிமிடம், வாரம் மூன்று நாளாவது, குறைந்தது 12 வாரம். ‘வலிக்கிறதே, நடந்தால் கெட்டுப்போகும்’ என்று வீட்டிலேயே இருப்பதுதான் கெடுதல். கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் வீட்டு வாசலே ஏற்றமாக இருக்கும். ஏற்றத்தில் வலி சீக்கிரம் வரும், ஆரம்பத்தில் சமதளத்தில் தொடங்குங்கள். பஸ் பிடித்தாவது ஒரு மைதானத்துக்கு வந்து நடப்பது பரவாயில்லை. செருப்பில்லாமல் நடக்க வேண்டாம். கோவில் பிரகாரத்துச் சுடுகல்லும், நேர்ச்சைக்காக வெறுங்காலோடு நடப்பதும் மரத்த காலுக்கு ஆபத்து என்று பூசாரியும் பாதிரியாரும்கூட ஒப்புக்கொள்வார்கள். இதயக் கோளாறு இருந்தாலோ காலில் புண் இருந்தாலோ டாக்டரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் நம் உயிர். மீனைக் குறைக்க வேண்டாம், கிழங்கையும் சோற்றையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளாமல் இருந்தாலே கணிசமாகக் குறையும். ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடியுங்கள்.

ஊசி விஷயத்துக்கு வருவோம். டிர்ஸெபடைட் ஊசியை, உடல் பருமனோடு நடுத்தர, கடும் ஆப்னியா உள்ளவர்களுக்கு அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2024 டிசம்பரில் அனுமதித்தது. அதற்கு அடிப்படையான ஆய்வில் ஒரு வருடத்தில் ஏஹெச்ஐ மணிக்கு 25 முதல் 29 வரை குறைந்தது, மருந்தில்லாத போலி ஊசி போட்டவர்களுக்கு ஐந்தாறுதான் குறைந்தது. ஆனால் அந்த ஆய்வில் சர்க்கரை நோயாளிகளைச் சேர்க்கவில்லை. நம் வாசகர்களில் பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகள் என்பதால் அந்த எண்ணை அப்படியே தமக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

செமாக்ளூடைட் என்ற இன்னொரு ஊசியைச் சர்க்கரையும் கால் ரத்தக்குழாய் நோயும் சேர்ந்த 792 பேரிடம் ‘ஸ்ட்ரைட்’ என்ற ஆய்வில் பார்த்தார்கள். 2025இல் முடிவு வந்தது. ஒரு வருடத்தில் அதிகபட்சம் நடக்கும் தூரம் போலி ஊசியைவிட 13 விழுக்காடு கூடியது. கால் நோய்க்கு நேரடியாகப் பலன் தெரிந்த சர்க்கரை மருந்து என்ற வகையில் இது எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது.

செலவோ பெரிது. 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது டிர்ஸெபடைட் 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375 ரூபாய். வாரம் ஒன்று. நிறுத்தினால் எடை திரும்பும், எடையோடு ஆப்னியாவும் திரும்பும். கண்ணில் சர்க்கரைப் பாதிப்பு உள்ளவர்கள் முதலில் கண் டாக்டரிடம் காட்ட வேண்டும். வேகமாகச் சர்க்கரை இறங்கும்போது அது மோசமாவதுண்டு. வயிற்றுத் தொந்தரவு பலருக்கு வரும். டாக்டர் சீட்டு இல்லாமல் இதைத் தொடவே வேண்டாம்.

எடைக் குறைப்பில் இன்னொரு குறை, அது பலன் தர மாதங்கள் ஆகும். பைக்கில் போகும்போதே கண்ணயர்பவர் அதுவரை காத்திருக்கக் கூடாது.

## தொண்டை ஆபரேஷன்

டான்சில் பெரிதாக இருந்து வழியை அடைக்கிறது என்றால் இது நல்ல தேர்வு. மற்றபடி பெரியவர்களுக்கு அண்ணச் சதையை வெட்டும் ஆபரேஷனின் பலன் ஆளுக்கு ஆள் மாறும், வருடங்களில் குறையவும் செய்யும். மூக்குத் தண்டு வளைவைச் சரிசெய்வதால் ஆப்னியா தீராது, சி-பாப் போடுவது எளிதாகும் என்பதுதான் அதன் பயன். மயக்க மருந்து, ரத்தம் உறையாத மாத்திரையை நிறுத்திவைக்கும் நாட்கள், சர்க்கரையால் ஆறுவதில் தாமதம் எல்லாம் சேர்ந்து கால் நோயாளிக்கு இதன் ஆபத்தைக் கூட்டுகின்றன. ‘ஒரே தடவையில் முடிந்துவிடும்’ என்ற ஆசையில் இதை முதலில் எடுக்காதீர்கள்.

## ஒரே பார்வையில்

| | சி-பாப் | பல் கருவி | படுக்கும் முறை | எடைக் குறைப்பு | ஆபரேஷன் |
|---|---|---|---|---|---|
| தடை குறைவது | மிக அதிகம் | நடுத்தரம் | மல்லாந்தால் மட்டும் வரும் தடைக்கு நன்று | மெதுவாக. ஊசியோடு அதிகம் | ஆளைப் பொறுத்தது |
| தினமும் முடியுமா | பழக வேண்டும் | எளிது | பாதியில் புரண்டுவிடுவோம் | மன உறுதி வேண்டும் | ஒருமுறை |
| காலுக்கு | தொந்தரவு இல்லை | பல் பிடுங்கும்போது மாத்திரையில் கவனம் | காலை உயர்த்தக் கூடாது | நேரடி நன்மை | மாத்திரை நிறுத்துவதில் ஆபத்து |
| மறைந்த செலவு | முகமூடி, பில்டர், இன்வெர்ட்டர் | மறு சோதனை, பல் நகர்வு | தலையணை | ஊசி என்றால் மாதாமாதம் | மறு சோதனை, திரும்ப வரலாம் |
| மின்வெட்டு, கடல் | கஷ்டம் | பிரச்சினை இல்லை | பிரச்சினை இல்லை | ஊசிக்குக் குளிர்ப்பெட்டி | பிரச்சினை இல்லை |

## நான் எப்படித் தேர்வேன்

ஏஹெச்ஐ 30க்கு மேல், பகலில் தூக்கம், கூடவே கால் அடைப்பு என்றால் ஒன்றுக்குத்தான் பணம் உண்டு என்ற நிலையில் சி-பாப். அதையும் வாடகைக்கு எடுத்துப் பழகிய பிறகு. நடை அன்றே தொடங்க வேண்டும், அதற்குப் பணம் வேண்டாம்.

15க்கும் 30க்கும் நடுவில், பகல் தூக்கம் அதிகமில்லை, பல் திடமாக இருக்கிறது, கடலுக்கோ விடியும் முன் தோட்டத்துக்கோ போகிறவர் என்றால் பல் கருவியை முதலில் வைப்பேன். வாங்கிவிட்டு மூலையில் கிடக்கும் மெஷினைவிடத் தினம் வாயில் இருக்கும் கருவி அவருக்கு நல்லது.

லேசான ஆப்னியா, எடை கூடுதல், ஏறினால் கால் வலி என்றால் மூன்று மாதம் நடை, சாப்பாடு, ஒருக்களித்துப் படுப்பது. அதன்பின் மறுபடி சோதனை. மெஷினுக்கு வைத்த பணத்தில் ஒரு பகுதியைப் புகை விடுவதற்கான ஆலோசனைக்கும் நல்ல செருப்புக்கும் செலவழிக்கலாம்.

சர்க்கரையும் பருமனும் கால் நோயும் மூன்றும் சேர்ந்து, மாதச் செலவைத் தாங்க முடியும் என்றால், ஊசியைப் பற்றிச் சர்க்கரை டாக்டரிடம் பேசுங்கள். மாதாமாதம் செலவழித்து ஆறாம் மாதம் பணம் இல்லாமல் நிறுத்துவதாக இருந்தால் தொடங்காமல் இருப்பதே மேல்.

பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே வாங்குபவர்கள், அந்த ஊழியரிடம் குறட்டையையும் கால் வலியையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டையும் தனித்தனி டாக்டரிடம் தனித்தனியாகச் சொல்வதால்தான் பல வீட்டில் வருடங்கள் வீணாகின்றன. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இரண்டு ரிப்போர்ட்டையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள். எந்தச் சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டில் இடம் உண்டு என்று ஆஸ்பத்திரியிலுள்ள காப்பீட்டுப் பிரிவிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

காலில் பலூன் சிகிச்சையோ பைபாஸோ முடிவானால், மயக்க மருந்து டாக்டரிடம் ஆப்னியா இருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். மயக்க மருந்தும் வலி மருந்தும் மூச்சை மேலும் அடக்கும். சி-பாப் வைத்திருந்தால் அதையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வேண்டும், வார்டில் முதல் ராத்திரியே தேவைப்படும்.

கடைசியாக, மேலே சொன்ன எந்தத் தேர்வுக்கும் காத்திருக்காத ஒரு நிலை உண்டு. கால் திடீரென்று வெளுத்து, குளிர்ந்து, மரத்து, அசைக்க முடியாமல் வலித்தால் ரத்தம் முழுதாக நின்றிருக்கிறது. சில மணி நேரத்தில் ரத்த ஓட்டத்தைத் திருப்பாவிட்டால் காலை இழக்க நேரிடும். எண்ணெய் தேய்ப்பது, வெந்நீர் ஒத்தடம், வைத்தியரைத் தேடுவது எதுவும் வேண்டாம். ராத்திரி எத்தனை மணியானாலும் 108ஐ அழைத்து ரத்தக்குழாய் ஆபரேஷன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விரலில் கறுப்பு, இரண்டு வாரமாக ஆறாத புண் இருந்தாலும் தள்ளிப்போடாமல் அந்த வாரத்துக்குள் காட்டிவிடுங்கள்.